தாத்தாவின் சி.ஜே.3பி ஜீப்: ஹரிகேன் எஞ்சினைக் கழற்றி டீசல் போடலாமா?

மேட்டுப்பாதை:

எல்லாருக்கும் வணக்கம். பூப்பாறைக்கு மேலே எங்க ஏலத்தோட்டத்து ஷெட்டில் தாத்தாவோட மகேந்திரா சி.ஜே.3பி நிக்குது. 1972 மாடல். ஹை பானெட், ஹரிகேன் பெட்ரோல் எஞ்சின், மூணு கியர், ஃபோர் வீல். தாத்தா காலத்துல உரம், ஏலக்காய் மூட்டை, வேலையாள், ராத்திரி ஆஸ்பத்திரி அவசரம் எல்லாமே இதுலதான் இறங்கும். அவர் போனப்புறம் சித்தப்பா கொஞ்சநாள் ஓட்டினார். பொலிரோ வந்ததும் இது மூலைக்குப் போயிடுச்சு. ஏழெட்டு வருஷமா யாரும் தொடலை.

இப்போ தோட்டம் என் பொறுப்புக்கு வந்திருக்கு. பொலிரோ போகாத பாதை ரெண்டு இருக்கு. ஒண்ணு ஓடையைத் தாண்டி கீழ்க்காட்டுக்குப் போறது, இன்னொண்ணு ஸ்டோருக்கு ஏறுற செம்மண் மேடு. மழைக்காலத்துல அங்கே மூட்டை எல்லாம் தலைச்சுமைதான். இந்த ஜீப்பை எழுப்பினா அந்த வேலைக்கு ஆகும்னு நினைக்கிறேன். அதுபோக, சின்ன வயசுல பின்சீட்டுல உக்காந்து அந்த மேட்டுல ஏறினவன் நான். இரும்புக்கடைக்குப் போட மனசு வராது.

நிலைமை இதுதான்: சேஸிஸ் நல்லா இருக்கு. பெடலுக்குக் கீழே தரைத் தகடு அரிச்சுப் போச்சு. நாலு டயரும் தரையோட. ரேடியேட்டர்ல தண்ணி இல்லை. ஃபேனைக் கையால தள்ளிப் பார்த்தேன், எஞ்சின் அசையலை. பெட்ரோல் டேங்கைத் திறந்தா பழைய பெயின்ட் வாடை அடிக்குது.

போடியில ரெண்டு மெக்கானிக் வந்து பாத்தாங்க. ரெண்டு பேரும் ஒரே பேச்சு: "இந்த எஞ்சினைத் தூக்கிப் போட்டுட்டு டி.ஐ. டீசல் இறக்குங்க. பெட்ரோல் விலைக்கு இது கட்டுப்படியாகாது." எனக்கு ஒப்பலை. ஆனா மனசு சொல்லுதுன்னு மட்டும் வச்சு முடிவெடுக்கவும் விருப்பமில்லை. இந்த வண்டிகளோட பழகினவங்க சொல்லுங்க. பெட்ரோலையே வச்சுக்கலாமா? அப்படின்னா எங்கே ஆரம்பிக்கணும்?

540காரன்:

பொள்ளாச்சியில இருந்து எழுதுறேன். என்கிட்ட இருக்கறது எம்.எம்.540. பியூஜோ எக்ஸ்.டி.பி. டீசல், 2112 சி.சி. தென்னந்தோப்புல தினமும் ஓடுது. டீசல்ல எனக்கு எந்தக் குறையும் இல்லீங்க. ஆனாலும் உங்க வண்டியில டீசல் போடச் சொல்லமாட்டேன்.

540-ஐ கம்பெனியே டீசலுக்குன்னு கட்டினாங்க. வீல்பேஸ் 91 அங்குலம், நாலு கியர், எஞ்சின் மவுன்ட்ல இருந்து ஆக்சில் வரைக்கும் அதுக்கேத்த மாதிரி. உங்களோடது 80 அங்குலம். அந்தச் சின்ன சேஸிஸ்ல கனமான டீசலை இறக்கினா மூக்கு பாரம் ஏறும், முன்பட்டை (ஸ்பிரிங் பட்டை) உக்காந்துடும், ஸ்டியரிங் கல்லாகிடும். அதைச் சரிபண்ண பட்டை சேர்ப்பாங்க, அப்புறம் பவர் ஸ்டியரிங் கேட்பாங்க. செலவு நிக்காது.

டீசல் ஜீப்தான் வேணும்னா, டீசலாவே வந்த பழைய 540 ஒண்ணை நல்ல பேப்பரோட தேடுங்க. தாத்தா வண்டியை வெட்டாதீங்க. எஞ்சினை எப்படி எழுப்பறதுன்னு கம்பத்துக்கார அண்ணன் வந்து சொல்லுவார், அவருக்கு அத்துப்படி.

கம்பம்_லோகியர்:

தம்பி, எஞ்சினைக் கழற்றாதீங்க. ஏன்னு சொல்றேன், கொஞ்சம் நீளமாப் போகும்.

நான் கம்பத்துல ஜீப் வேலை பாக்குறவன். ஓட்டவும் ஓட்டியிருக்கேன். கம்பமெட்டு, குமுளி, போடிமெட்டுன்னு மூணு பாதையிலயும் விடியக்காலம் ஏலக்காட்டுக்குப் போற பொம்பளையாளுகளை ஏத்திட்டுப் போய், சாயங்காலம் இறக்கிட்டு வந்திருக்கேன். இந்தப் பக்கத்து ஜீப்புகளைப் பத்திப் பேச எனக்கு அலுக்கவே அலுக்காது.

உங்க மெக்கானிக்குக எஞ்சினோட சக்தியை மட்டும் பாக்குறாங்க. இந்த வண்டிக்கு உயிர் அதோட மெதுவுல இருக்கு. கணக்கைப் பாருங்க. முதல் கியர்ல 2.8, டிரான்ஸ்ஃபர் கேஸ் (கியர் பெட்டிக்குப் பின்னாடி, இழுப்பை ரெண்டு ஆக்சிலுக்கும் பிரிச்சுக் கொடுக்கிற பெட்டி) லோவுல 2.46, ஆக்சில்ல 5.38. மூணையும் பெருக்கினா 37. எஞ்சின் 37 சுத்து சுத்தினாத்தான் சக்கரம் ஒரு சுத்து சுத்தும். ஐடில்ல 800 சுத்துன்னு வச்சுக்கிட்டா, 6.00-16 டயர்ல வண்டி மணிக்கு 3 கிலோமீட்டர் நகரும். தலையில மூட்டையோட மேடு ஏறுற ஆளோட சேர்ந்து நடக்கும். உங்க ஸ்டோர் மேட்டுக்குக் கீழே நிறுத்தி லோ போட்டு, முதல் கியர்ல கிளட்ச்சை விட்டுட்டு ரெண்டு காலையும் தூக்கி வச்சுக்கங்க. ஆக்சிலேட்டர் வேணாம். சக்கரம் வழுக்காம மண்ணைக் கவ்விக் கவ்வி ஏறும். கல்லு வந்தா எஞ்சின் சத்தம் ஒரு படி இறங்கும், கல்லைத் தாண்டினதும் பழையபடி ஏறும். ஸ்டியரிங்கைப் பிடிச்சிருக்கிற கையிலயே ஒவ்வொரு கல்லும் தெரியும். புதுசு புதுசா எத்தனையோ வண்டி ஓட்டிட்டேன், அந்தச் சுகம் இதுலதான் இருக்கு.

இந்த ஹரிகேன் எப்படி வந்ததுன்னு தெரிஞ்சா இன்னும் நல்லாப் புரியும். 1940-ல அமெரிக்க ராணுவம் லேசான ஃபோர் வீல் வண்டி கேட்டப்போ முதல் மாதிரி கொண்டுபோனது பேன்டம் கம்பெனி. வரைஞ்சவர் கார்ல் பிராப்ஸ்ட். போட்டிக்கு வந்த வில்லிஸ் கம்பெனி ஜெயிச்சதுக்குப் பெரிய காரணம் அவங்க எஞ்சின், 2199 சி.சி., 60 குதிரைசக்தி. போர் முடியறதுக்குள்ள வில்லிஸும் ஃபோர்டும் சேர்ந்து ஆறு லட்சத்துக்கு மேல செஞ்சு தள்ளினாங்க. அந்த எஞ்சின்ல ரெண்டு வால்வும் பிளாக்குக்குள்ள. பின்னாடி இன்லெட் வால்வை மட்டும் மேலே ஹெட்டுக்கு ஏத்தி, எக்ஸாஸ்ட் வால்வைப் பிளாக்குலயே விட்டாங்க. அதே 2199 சி.சி.யில சக்தி 70-க்கு மேல போச்சு. அதுதான் ஹரிகேன். வால்வு மேலே ஏறினதால எஞ்சின் உசரமாச்சு, பழைய பானெட்டுக்குள்ள அடங்கலை. பானெட்டை உசத்தினாங்க, 1953-ல சி.ஜே.3பி வந்தது. நம்ம ஊர்ல லோ பானெட், ஹை பானெட்னு பிரிச்சுச் சொல்றோமே, அந்த உசரம் இந்த எஞ்சினுக்காக வந்தது. அமெரிக்காவுல 1968-லயே நிறுத்திட்டாங்க. 1947-ல இருந்து ஜீப் பூட்டிக்கிட்டிருந்த மகேந்திரா அதுக்கப்புறமும் விடாம செஞ்சதாலதான் உங்க தாத்தாவுக்கு 1972-ல புது வண்டி கிடைச்சது. அந்த பானெட்டுக்கு அடியில வேற எஞ்சினைப் பாக்க எனக்கு மனசு வராது.

மனசை விடுங்க, வேலைக் கணக்குக்கும் டீசல் ஒத்துவராது. டீசல் மெதுவாச் சுத்துற எஞ்சின். உங்க 5.38 ஆக்சிலோட அதைக் கோத்தா ரோட்டுல வேகம் எடுக்கறதுக்குள்ள கத்தும். உடனே ஆக்சிலுக்குள்ள இருக்கிற பல்சக்கர ஜோடியை, அதான் கிரவுன் பினியனை மாத்தணும்பாங்க. மூணு கியர் பெட்டி அந்த இழுப்பைத் தாங்காது, நாலு கியர் பெட்டி வேணும்பாங்க. பெட்டி நீளமானா புரொப்பல்லர் ஷாஃப்டை வெட்டி ஒட்டணும். அதுவும் 80 அங்குல வண்டியில பின்ஷாஃப்ட் ஏற்கனவே குட்டை. இன்னும் வெட்டினா கிராஸ் (ஷாஃப்ட் முனையில இருக்கிற மூட்டு) சாய்மானம் அதிகமாகி அடிக்கடி போகும். இத்தனைக்கும் பிறகு நீங்க மிச்சம்பிடிக்கிற எரிபொருள் எவ்வளவு? இது லிட்டருக்கு எட்டு கொடுத்தாலே நல்ல எஞ்சின், அது உண்மை. தோட்டத்துக்குள்ள மட்டும் ஓடற வண்டிக்கு அந்த வித்தியாசம் டீசல் மாத்துற செலவை ஈடுகட்ட ரொம்பக் காலம் ஆகும்.

இப்போ எழுப்புற வேலைக்கு வருவோம்.

செல்ஃப் அடிக்கவே அடிக்காதீங்க. வண்டியைக் கட்டி இழுத்து கியர்ல விடவும் வேணாம். ரிங் ஒட்டியிருந்தா உடைஞ்சுடும். நாலு பிளக்கையும் கழற்றி, ஒவ்வொரு சிலிண்டர்லயும் எஞ்சின் ஆயில் கொஞ்சம் ஊத்தி ரெண்டு மூணு நாள் ஊற விடுங்க. அந்த நேரத்துல பழைய ஆயிலை வடிச்சுடுங்க. வடியும்போது முதல்ல தண்ணி வருதான்னு பாருங்க. வந்தா ஹெட்டைக் கழற்றாம மேலே போகாதீங்க. புது ஆயில் ஊத்திட்டு, முன்னாடி பம்பருக்குள்ள ஹேண்டில் ஓட்டை இருக்கும், அதுல ஹேண்டிலைப் போட்டு மெதுவா அழுத்துங்க. கட்டைவிரலை மத்த விரல்களோட ஒரே பக்கம் வச்சுப் பிடிங்க, ஹேண்டிலைச் சுத்தி வளைக்காதீங்க. இது இன்னைக்கு மட்டும் இல்லை, எப்பவும். பத்தவச்ச எஞ்சின் திருப்பி உதைச்சா கட்டைவிரல் போயிடும்.

எஞ்சின் சுத்த ஆரம்பிச்சதும் ஸ்டார்ட் பண்ண அவசரப்படாதீங்க. பிளாக்கோட பக்கவாட்டு மூடியைக் கழற்றினா எக்ஸாஸ்ட் வால்வு நாலும் ஸ்பிரிங்கோட நேரா தெரியும். ஒருத்தர் ஹேண்டிலைச் சுத்தட்டும், நீங்க டார்ச் அடிச்சுப் பாருங்க. ஒவ்வொண்ணும் ஏறி இறங்கணும். ஏறினது இறங்காம அப்படியே நின்னா அது கைடுல ஒட்டியிருக்கு. மலை ஈரத்துல நின்ன ஹரிகேன்ல நான் அதிகம் பாக்குற கோளாறு இதுதான். மேலே பெனட்ரேட்டிங் ஆயில் அடிச்சு, லேசாத் தட்டித் தட்டி இறக்கினா பெரும்பாலும் வழிக்கு வந்துடும். ஒட்டினபடியே ஸ்டார்ட் பண்ணினா அந்த சிலிண்டர்ல கம்ப்ரஷன் இருக்காது, எஞ்சினே செத்துடுச்சுன்னு முடிவு கட்டிடுவாங்க. உங்களோடதையும் அப்படித்தான் கைவிட்டாங்களோ என்னமோ.

டேங்க் சீட்டுக்கு அடியில இருக்கு. அதைத் தனியாக் கழற்றிக் கழுவணும். பழைய பெட்ரோல் பிசினாகி அடியில ஒட்டியிருக்கும், துருவும் இருக்கும். முதல் ஸ்டார்ட்டுக்கு டேங்கை நம்பாம தனி கேன்ல இருந்து நேரா கார்ப்பரேட்டருக்கு பெட்ரோல் கொடுங்க, பக்கத்துல தீயணைப்பான் இல்லாம வேணாம். ஏசி பம்ப் (டேங்க்ல இருந்து பெட்ரோலை இழுக்கிற பம்ப்) டயாஃப்ரம், பெட்ரோல் ஹோஸ் எல்லாத்தையும் புதுசாப் போடுங்க. இப்போ பங்குல வர்றது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல், அந்தக் காலத்து ரப்பருக்கு அது ஆகாது, உப்பி விட்டுடும். எத்தனால் தாங்குற ஹோஸ்னு கேட்டு வாங்குங்க. வண்டி மாசக்கணக்குல நிக்கப்போகுதுன்னா டேங்கைக் காலி பண்ணிட்டு நிறுத்துங்க, எத்தனால் ஈரத்தை இழுக்கும்.

பாயிண்ட்டைத் தேய்ச்சு, கண்டன்சரைப் புதுசாப் போட்டு, சிலிண்டர் பத்துற 1-3-4-2 வரிசையில வயர் சரியா இருக்கான்னு பாத்துட்டா இந்த எஞ்சினுக்குப் பத்திக்கறதைத் தவிர வேற வழி கிடையாது. ஏர் கிளீனர் ஆயில் கிண்ணத்தைக் கழுவி புது ஆயில் ஊத்த மறந்துடாதீங்க.

ஓட்டுறதுக்கு முன்னாடி பிரேக். இதுல நான் யாருக்கும் விட்டுக்கொடுக்க மாட்டேன். இந்த வண்டிக்கு ஒரே லைன்தான். முன்னாடி ஒரு ஹோஸ் வெடிச்சா பின்னாடியும் பிரேக் இருக்காது. பழைய ஹோஸ் வெளியே நல்லாத் தெரியும், உள்ளே உப்பி அடைச்சிருக்கும். மாஸ்டர் சிலிண்டர், வீல் சிலிண்டர், ஹோஸ், இரும்புக் குழாய் எல்லாத்தையும் மாத்துங்க. பாதி மாத்தறது வேலைக்கே ஆகாது. எஞ்சினுக்கு ஆசைப்பட்டு பிரேக்கைத் தள்ளிப்போட்டவங்க வண்டியைப் பள்ளத்துல இருந்து இழுத்திருக்கேன்.

ஓட்டும்போது: பெரிய லிவருக்குப் பக்கத்துல குட்டி லிவர் ரெண்டு இருக்கும். ஒண்ணு முன் ஆக்சிலைச் சேர்க்கும், இன்னொண்ணு ஹை, லோ. ஃபோர் வீல் சேர்க்காம லோ விழாது, கம்பெனியே அப்படிப் பூட்டி வச்சிருக்கு. விழலைன்னு லிவரை வளைச்சுடாதீங்க. தார் ரோட்டுக்கு வந்ததும் முன் ஆக்சிலை எடுத்துடுங்க. நடுவுல டிஃபரன்ஷியல் கிடையாது, திருப்பத்துல முன்னும் பின்னும் ஒண்ணையொண்ணு முறுக்கும். முதல் கியருக்கு சிங்க்ரோ (ஓடும்போதே கியர் சுலபமா விழ வைக்கிற அமைப்பு) இல்லை, அதனால இறக்கம் ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடியே நின்னு முதல் கியரைப் போட்டுக்கங்க. பாதி இறக்கத்துல தேடினா கிடைக்காது.

முதல்ல ஹேண்டில் சுத்துதான்னு பாத்துட்டு வந்து சொல்லுங்க.

ஊவா_றோவர்:

வணக்கம். பதுளைப் பக்கம் இருந்து எழுதுகிறேன். என்னிடம் இருப்பது லாண்ட் றோவர் சீரிஸ் 2ஏ, 2286 சி.சி. பெற்றோல். இங்கே தோட்டத் துரைமார் ஓடி, பிறகு மரக்கறி ஏற்றி, கடைசியில் எங்கள் குடும்பத்துக்கு வந்த வாகனம். கம்பத்து அண்ணன் எழுதியதை வரிக்கு வரி ஒப்புக்கொள்கிறேன். லாண்ட் றோவரும் உங்கள் ஜீப்புக்குத் தம்பிதான். மொறிஸ் வில்க்ஸ் தன் பண்ணையில் ராணுவம் கழித்த வில்லிஸ் ஜீப் ஒன்றை வைத்திருந்தார், அதைப் பார்த்துத்தான் இந்த யோசனையே வந்தது. முதல் பரிசோதனை வாகனத்தை ஜீப்பின் சேஸிஸ் மேலேயே கட்டினார்கள். 1948 ஏப்ரல் 30 அன்று ஆம்ஸ்டர்டாம் கண்காட்சியில் வெளியே வந்தபோது வீல்பேஸ் உங்களுடையதைப் போல 80 அங்குலம். போருக்குப் பிறகு இரும்புத் தகட்டுக்குத் தட்டுப்பாடு, அதனால் பாடியை அலுமினியக் கலவையில் செய்தார்கள்.

ஒரு விஷயத்தை மட்டும் சேர்க்க விரும்புகிறேன், உயிர் சம்பந்தப்பட்டது. உங்கள் ஜீப்பிலும் என் வாகனத்திலும் கைபிரேக் சக்கரத்தில் இல்லை. டிரான்ஸ்ஃபர் கேஸுக்குப் பின்னால், ஷாஃப்ட் புறப்படும் இடத்தில் ஒரு டிரம் இருக்கும், கைபிரேக் அதைத்தான் பிடிக்கும். சமதரையில் நன்றாகவே நிற்கும். ஆனால் பின்சக்கரம் ஒன்றை ஜாக்கி வைத்துத் தூக்கிய கணத்தில் அந்தப் பிடி போய்விடும். தரையில் இருக்கும் சக்கரம் உருள, தூக்கிய சக்கரம் எதிர்த்திசையில் சுற்றும். டிரம் அசையாமலே வாகனம் நகர்ந்துவிடும். சரிவில் பஞ்சர் போடும்போது கைபிரேக்கை நம்பி அடியில் படுத்துவிடாதீர்கள். முன்சக்கரம் இரண்டுக்கும் இரண்டு பக்கமும் கட்டை வைத்த பிறகுதான் ஜாக்கி. ஓடும்போது கைபிரேக் இழுக்கவும் கூடாது, அந்த அடி முழுவதும் கிராஸுக்கும் பினியனுக்கும் போகும்.

தரைத் தகடு அரித்துவிட்டது என்று எழுதியிருக்கிறீர்கள். தகட்டை மாற்றும்போது அதன் அடியில் உள்ள குறுக்குச் சட்டங்களையும் சுத்தியலால் தட்டிப் பாருங்கள். நல்ல இரும்பு கணீரென்று கேட்கும், அரித்தது மந்தமாகக் கேட்கும். எங்கள் மலையிலும் உங்கள் மலையிலும் ஒரே மழைதான், சேறு உள்ளே தங்கி உள்ளிருந்து அரிக்கும். சேஸிஸ் நல்லது என்று வெளியே பார்த்து மட்டும் முடிவு செய்ய வேண்டாம்.

மேட்டுப்பாதை:

எல்லாருக்கும் ரொம்ப நன்றி. அண்ணே, நீங்க சொன்னபடி ஆயில் ஊத்தி ஊறவச்சேன். வடிச்ச பழைய ஆயில் தார் மாதிரி வந்துச்சு, தண்ணி இல்லை. இன்னைக்குக் காலையில ஹேண்டில் சுத்திடுச்சு! முதல்ல கால் சுத்து, அப்புறம் கரகரன்னு முழுசா. பக்க மூடியைத் திறந்து பாத்தோம். மூணாவது சிலிண்டர் எக்ஸாஸ்ட் வால்வு ஏறி அப்படியே நிக்குது, நீங்க எழுதினது அச்சா அதேதான். தோட்டத்துல தாத்தா காலத்து ஆள் ஒருத்தர் இருக்கார். கடைசியா ஓடினப்போ வண்டி "மூணு கால்ல", அதாவது மூணு சிலிண்டர்ல ஓடிச்சுன்னு அவர்தான் சொன்னார். ஆயில் அடிச்சு விட்டிருக்கேன். இறங்கலைன்னா என்ன பண்றது?

டீசல் பேச்சை விட்டாச்சு. பேப்பர் விஷயம் ஒண்ணு கேக்கணும். ஆர்.சி. இன்னும் தாத்தா பேர்லதான், பழைய மூணெழுத்து தமிழ்நாடு நம்பர், ரெனியூவல் விட்டுப்போச்சு. ஐம்பது வருஷம் தாண்டினதால வின்டேஜ்னு பதிவு பண்ணிக்கலாம், எஃப்.சி. (வண்டித் தகுதிச் சான்று) தொல்லை இல்லைன்னு சென்னையில ஒரு நண்பர் சொல்றார். அது சரியா வருமா?

கம்பம்_லோகியர்:

ரொம்ப சந்தோஷம் தம்பி. ஹேண்டில் சுத்தின அன்னைக்கே பாதி வண்டி கிடைச்ச மாதிரி.

வால்வு: ரெண்டு நாள் ஊறட்டும். ஹெட்டுல பிளக் ஓட்டை வழியா வால்வுத் தலையை எட்ட முடியுதான்னு பாருங்க. எட்டினா பித்தளைக் கம்பி ஒண்ணு வச்சு மெதுவாத் தட்டலாம். இரும்புக் கம்பி வேணாம், உள்ளே கீறிடும். எட்டலைன்னா ஹெட்டைக் கழற்றுங்க, பயப்பட ஒண்ணுமில்லை. இந்த எஞ்சின்ல ஹெட் கழற்றுறது ஒரு காலைநேர வேலை. கழற்றினா வால்வு நாலையும் எடுத்து உக்காருமிடத்தை கிரைண்டிங் பேஸ்ட் போட்டுத் தேய்ச்சு, புது கேஸ்கெட் போட்டுடுங்க. ஸ்டட் துருப்பிடிச்சிருக்கும், முறுக்கி உடைச்சுடாம சூடு காட்டிக் கழற்றச் சொல்லுங்க.

வின்டேஜ் பதிவு உங்களுக்கு ஆகாது. 2021-ல மத்திய மோட்டார் வாகன விதியில கொண்டுவந்தாங்க. ஐம்பது வருஷத்துக்கு மேலான வண்டி, பெரிய மாற்றம் இல்லாம அசல் உருவத்துல இருக்கணும். புதுப் பதிவுக்கு 20,000 ரூபாய், பத்து வருஷம் செல்லும், நம்பர்ல வி.ஏ.ன்னு வரும். உங்க வண்டிக்கு அந்தத் தகுதி இருக்கு. ஆனா அந்த நம்பரோட தினசரி ரோட்டுல ஓட்டக்கூடாது, வாடகை, வியாபாரம் எதுவும் கூடாது. கண்காட்சி, வின்டேஜ் ராலி, பெட்ரோல் போட, ரிப்பேருக்குன்னு மட்டும்தான். நீங்க மூட்டை ஏத்தப்போறவரு. மெட்ராஸ்ல கண்ணாடி மாதிரி பாலிஷ் போட்டு வச்சு ஞாயித்துக்கிழமை எடுக்கிறவங்களுக்குத்தான் அது பொருத்தம்.

நீங்க சாதாரணப் பதிவையே புதுப்பிங்க. முதல்ல பேர் மாத்தணும். உரிமையாளர் இறந்தா வாரிசு பேருக்கு மாத்த ஃபாரம் 31. இறப்புச் சான்றிதழ், வாரிசுச் சான்றிதழ், மத்த வாரிசுகளோட சம்மதம் வேணும். சித்தப்பாகிட்ட இப்பவே பேசி எழுதி வாங்கிடுங்க, வண்டி ஓட ஆரம்பிச்சப்புறம் சொந்தத்துல பேச்சு மாறும். பழைய நம்பர்ங்கறதால கம்ப்யூட்டர்ல ஏறியிருக்கான்னு ஆர்.டி.ஓ. ஆபீஸ்ல கேளுங்க. ஏறலைன்னா ஆர்.சி. புக்கை வச்சு ஏத்திட்டுத்தான் மத்த வேலை நடக்கும். புதுப்பிக்கிறதுக்கு ஃபாரம் 25. விட்டுப்போன காலத்துக்கு அபராதம் வரும், கட்டிடுங்க.

இன்ஸ்பெக்டர் எஞ்சின் நம்பரையும் சேஸிஸ் நம்பரையும் ஆர்.சி.யோட ஒத்துப்பாப்பார். நீங்களே முன்கூட்டிப் பாத்துடுங்க. பெயின்ட்டைச் சுரண்டாம தின்னர் துணியால துடைச்சு, மேலே காகிதம் வச்சு பென்சிலால தேய்ச்சு எடுங்க, எழுத்து வந்துடும். வயர் பிரஷ் போட்டுத் தேய்ச்சு நம்பர் மங்கிடுச்சுன்னா அப்புறம் ரொம்ப அலையணும். டீசல் மாத்தியிருந்தா இந்த இடத்துல எஞ்சின் நம்பரும் எரிபொருளும் ரெண்டுமே ஒத்துவராம, தனியா அனுமதி வாங்கி ஆர்.சி.யில ஏத்தச் சொல்லியிருப்பாங்க. உங்களுக்கு அந்த வேலை மிச்சம்.

இன்னொண்ணு, தோட்டம் கேரளாவுல. தமிழ்நாட்டு நம்பர் வண்டி பன்னிரண்டு மாசத்துக்கு மேல அங்கேயே இருந்தா அங்கே பதிவை மாத்தணும்னு சட்டம். உங்க வீடு போடியிலதானே? வண்டியைக் கீழே கொண்டுவந்து வேலை முடிச்சு, தேனி ஆர்.டி.ஓ.வுல எஃப்.சி. வாங்கி, அப்புறம் மேலே ஏத்துங்க. அங்கேயே நிரந்தரமா விடப்போறீங்கன்னா என்.ஓ.சி. (தடையில்லாச் சான்று) வாங்கி இடுக்கிக்கு மாத்திடறது நல்லது.

போடிமெட்டு பதினேழு கொண்டை ஊசியும் முதல் தடவை ஏறும்போது வெயிலுக்கு முன்னாடி கிளம்புங்க. ஏசி பம்ப்பும் பெட்ரோல் குழாயும் எக்ஸாஸ்ட் பக்கமே இருக்கறதால சூட்டுல பெட்ரோல் ஆவியாகி வண்டி திடீர்னு நிக்கும். நின்னா பதறாதீங்க. ஓரங்கட்டி, சக்கரத்துக்குக் கல்லு வச்சு, பம்ப் மேல ஈரத்துணி போட்டுக் கொஞ்ச நேரம் விட்டா எடுத்துக்கும். தண்ணி கேன் ரெண்டு, ஃபேன் பெல்ட் ஒண்ணு, பாயிண்ட் செட் ஒண்ணு வண்டியிலயே இருக்கட்டும்.

பிரேக் வேலை முடிஞ்சதும் படம் போடுங்க. கம்பத்துக்கு வந்தா டிரான்ஸ்ஃபர் கேஸை நானே திறந்து பாக்குறேன். இன்டர்மீடியட் ஷாஃப்ட் தேய்ஞ்சிருக்கும்னு நினைக்கிறேன், லோவுல ஓட்டின வண்டிக்கு அது தேயாம இருக்காது.